கொம்பேறி மூக்கனுக்கு மூட்டிய புகை

தந்திக்காரருடைய கீழுதட்டில் எப்போதும் ஊதா நிறத்தில் ஒரு கறை இருக்கும். தந்தியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதற்கு ஒரு துண்டுப் பென்சிலை நீட்டுவார். நாக்கில் ஈரப்படுத்திக்கொண்டு எழுதினால் மை போல ஊதாவாக எழுதுகிற பென்சில் அது. எங்கள் ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே குறைவு. தெரிந்தவர்களும் தந்தி வந்த பதற்றத்தில் பென்சிலைக் காகிதத்தில் வெறுமனே தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் அதைத் திருப்பி வாங்கித் தன் நாக்கில் ஒருமுறை தொட்டு மறுபடியும் கொடுப்பார். அப்படித் தொட்டுத் தொட்டு உதடு அந்த நிறமாகிவிட்டது. முதல் தடவை பார்த்தபோது நான் என் நாத்தனாரிடம், “என்னடி இது, வெசம் குடிச்ச ஆளு மாதிரி இருக்காரு” என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைச் சிரிக்க வைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். கடலிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி, உடைமரக் காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவே கிடந்த அந்தச் சிற்றூரில் அந்தப் படிப்பு ஒரு பெரிய உத்தியோகம் மாதிரி. கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வது, பதில் எழுதுவது, சர்க்காருக்கு மனு எழுதுவது எல்லாம் என் பொறுப்பாயிற்று. தந்தியில் வருகிற ஆங்கிலம் மொத்தமே பத்துச் சொல்தான், அதையும் பழகிக்கொண்டேன். இவற்றோடு நானாகவே எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. ஆட்களுக்குப் பெயர் வைப்பது. வாயைத் திறந்தால் மூடாத பால்காரிக்கு ரேடியோ என்று வைத்தேன். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிற என் வீட்டுக்காரரின் பெரியப்பாவுக்கு மூட்டை. நான் காலையில் வைத்த பெயர் மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றிவந்துவிடும். மாமியார் கண்டிப்பதுபோல் கண்டித்துவிட்டு, அவரும் அதே பெயரைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத் தலைகால் புரியாமல் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கொம்பேறி மூக்கன் பாம்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மரம் விட்டு மரம் தாவுகிற ஒல்லியான பாம்பு. முதுகில் வெண்கல நிறத்தில் நீளமாக ஒரு பட்டை ஓடும். அது ஒருவரைக் கடித்தால் கடித்ததோடு போகாது, சுடுகாட்டுக்குப் பக்கத்தில் உயரமான மரமாகப் பார்த்து ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிணம் எரிகிற புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்கிப் போகும் என்பார்கள். புகை வரவில்லையென்றால் தேடி வந்து மறுபடியும் கடிக்கும். அதற்கு விஷமே கிடையாது, பல்லியும் தவளையும் பிடித்துத் தின்கிற சாது என்று என் பேரன் தன் பள்ளிப் புத்தகத்தைக் காட்டிச் சொல்கிறான். இருக்கட்டும். எங்கள் ஊரில் அதைவிடக் கொடியது வேறு இல்லை. நல்ல பாம்பு கடித்தால் வைத்தியரிடம் ஓடுவார்கள். கொம்பேறி மூக்கன் கடித்தால் சுடுகாட்டுக்கு ஓடுவார்கள்.

எதற்கு ஓடுகிறார்கள் என்பதை நான் வந்த முதல் வருஷமே பார்த்தேன். என் வீட்டுக்காரரின் சித்தப்பா புளி உலுக்க மரமேறியபோது கையில் கடி வாங்கிக்கொண்டு இறங்கினார். உடனே நாலு பேர் வைக்கோலில் ஆள் அளவுக்கு ஒரு பொம்மை கட்டினார்கள், அவருடைய வேட்டியையே அதற்குச் சுற்றினார்கள், பாடையில் வைத்துத் தூக்கிப்போய்ச் சுடுகாட்டில் கொளுத்தினார்கள். புகை தடிப்பாக வர வேண்டும் என்று வைக்கோலில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். பாம்பு அதைப் பார்த்து, ஆள் போய்விட்டான் என்று ஏமாந்து போய்விடுமாம். கடிபட்டவர் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே தன் பிணம் எரிகிற புகையைப் பார்த்து, “நல்லாத்தான் எரியிது” என்றார். நான் கொல்லைப்புறம் ஓடிப்போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் இருபது வருஷம் இருந்தார். புகை மூட்டியதால்தான் பிழைத்தார் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள்.

கண்மாய்க் கரைமேல் ஒற்றைப் பனை ஒன்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஊரும் மறுபக்கம் சுடுகாடும் தெரியும். பாம்பு வந்து ஏறுவது அதில்தான் என்று அதற்கு மூக்கன் பனை என்று பெயர். அதன் அடியில் எங்கள் ஊர்க்காரர் யாரும் நிற்க மாட்டார்கள். தந்திக்காரர் ஏர்வாடிப் பக்கத்து முஸ்லிம். தபாலாபீஸ் இருந்த சின்ன டவுனிலிருந்து நாலு மைல் மணலில் நடந்து வருவார். அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. வெயிலுக்கு அங்கே இருந்த ஒரே நிழல் அதுதான். தந்தியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பனையடியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார். மூக்கும் அவருக்குச் சற்று நீளம். தந்தி என்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் சாவுச் செய்திதான். ஒருநாள் யார் வீட்டிலோ ஒப்பாரி எழும்பியபோது நான் கரையைக் காட்டி, “அங்கன பாருங்க, கொம்பேறி மூக்கன். கடிச்சுட்டுப் போயிப் பொகை வருதானு பாக்க உக்காந்திருக்கு” என்றேன். துக்க வீடு என்றும் பாராமல் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அவருக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

நான் வைத்த பெயர்களிலேயே கெட்ட பெயர் அது என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. ரேடியோவும் மூட்டையும் ஆளைப் பார்த்தால் சிரிக்க வைக்கிற பெயர்கள். இதைச் சொன்னால் பயம் வந்தது. அவர் தலை கரையில் தெரிந்தாலே படபடவென்று கதவுகள் சாத்தும். பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ளறைக்குப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் தண்ணீர் கொடுத்தவர்கள் கொடுக்காமலானார்கள். ஒருமுறை நான்தான் ஒரு செம்பு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “ஏன் தாயி எல்லாரும் என்னயக் கண்டா ஓடுறாக? நான் நல்ல சேதியும் கொண்டாந்திருக்கேனே. மேலத்தெருவுக்குப் பேரன் பொறந்த சேதி கொண்டாந்தது நாந்தானே” என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. தந்தி என்றாலே சனத்துக்குப் பயம் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவர் அதை நம்பிக்கொண்டு போனார். அன்றைக்காவது பெயரை மாற்றிவைத்திருக்கலாம், அல்லது ஊர்ப் பெண்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். தை மாதம் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவர், சித்திரை வரை ஒழுங்காகக் கடிதம் போட்டார். பிறகு கடிதம் இல்லை. அவள் எங்களோடுதான் இருந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. ஆனி மாதம் பக்கத்து வீட்டுக்குத் தந்திக்காரர் வந்த அன்று, தன் வீட்டுக்கு என்று நினைத்து மயங்கி விழுந்துவிட்டாள். இனி இப்படி அதிர்ச்சி கொடுத்தால் தாயும் தங்காது பிள்ளையும் தங்காது என்று மருத்துவச்சி என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து நான் அவளைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டேன். இதைச் சொல்வது என் குற்றத்தைக் குறைப்பதற்காக இல்லை, நடந்தது அப்படி.

ஆடி மாதம். பக்கத்து ஊரில் முளைக்கொட்டுத் திருவிழா. வீட்டு ஆண்கள் உட்பட ஊரே அங்கே போயிருந்தது. மறுநாள் விடிந்துதான் வருவார்கள். அவளால் நடக்க முடியாது என்பதால் நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தோம். உச்சிப்பொழுது. அவள் உள்ளே படுத்திருந்தாள், நான் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கரையின் அந்தக் கோடியில் தொப்பியும் காக்கிப் பையும் வருகின்றன. எங்கள் வீட்டுக்கு இருக்காது என்று நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஆளில்லாத ஊரில் அன்றைக்குத் திறந்திருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான், மூன்று மாதமாகக் கடிதம் வராத வீடும் அதுதான். எங்கள் வீட்டுக்குத்தான் என்று தெரிந்ததால்தான் அப்படி ஓடினேன்.

முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவள் தலையைத் தூக்கி, “என்ன மதினி?” என்றாள். “காத்து மண்ணை வாரி அடிக்கிது, நீ படு” என்றேன். பின்வழியாக வந்து படப்பிலிருந்து ஒரு கட்டு வைக்கோலை உருவினேன், அதன் ஒரு நுனியை மாட்டுத் தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினேன், அடுப்படியில் இருந்த தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு சுடுகாட்டுப் பொட்டலுக்கு ஓடினேன். எங்கள் கொல்லை தாண்டினால் அதுதான். பெண்கள் அங்கே கால் வைப்பதில்லை. அது ஒரு துணிச்சல் மாதிரி இருந்தது, கொஞ்சம் விளையாட்டாகவும் இருந்தது. எட்டாம் வகுப்புப் படித்தவள், அந்தச் சித்தப்பாவைப் பார்த்து அப்படிச் சிரித்தவள், இந்தப் புகையைப் பார்த்தால் மூக்கன் போய்விடும் என்று அந்த நிமிஷம் முழுசாக நம்பினேன். போய்விட்டால் அவன் கொண்டுவந்ததும் போய்விடும் என்று நம்பினேன்.

புகை நன்றாக எழும்பியது. நான் ஒரு உடைமரப் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். அவர் பனையடியில் நின்றார். புகையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு ஊரைப் பார்த்தார், எங்கள் வீட்டுச் சாத்திய கதவைப் பார்த்தார். பையை ஒருமுறை தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பலித்துவிட்டது என்று சிரித்தேன்.

மறுநாள் காலை ஊர் திரும்பிய பிறகு அவர் மறுபடியும் வந்தார். என் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டார். தந்திக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேற்று என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் பேசுவதற்குள் தந்தியைப் பிடுங்கிச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். புருஷன் சீரியஸ், மண்டபம் ஆஸ்பத்திரி, உடனே புறப்படவும். அவள் மயங்கவில்லை. எழுந்து நின்று, “வண்டியைக் கட்டச் சொல்லுங்க” என்றாள். மருத்துவச்சி சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைவிட அவள் தைரியசாலியாக இருந்தாள்.

வண்டியில் ராமநாதபுரம் போய், ரயிலேறி மண்டபம் போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. விடிகாலையிலேயே அவள் புருஷனின் உயிர் போய்விட்டிருந்தது. கொழும்பில் காய்ச்சல் கண்டு, ஊரில் போய்ச் சாகிறேன் என்று கப்பலேறியவராம். கூட வந்த கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கோபப்பட்டார். “நேத்துக் காலையில அடிச்ச தந்தி. நேத்து ராத்திரியே வந்திருப்பீகளே. நேத்து முழுக்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வந்துட்டாளா, வந்துட்டாளானு கேட்டுக்கிட்டே இருந்தாரு” என்றார். என் வீட்டுக்காரர் தந்திக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டித் தேதியைப் பார்க்கச் சொன்னார். முந்தின நாள் தேதிதான் இருந்தது. அதைச் சொன்னேன். “அந்த மூக்கன் பயல் ஒரு நாள் பூராப் பையில வச்சுக்கிட்டுச் சுத்தியிருக்கான்” என்றார் அவர்.

நாத்தனார் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். “எம் புருசன் மொகத்த உசுரோட பாக்க விடாமப் பண்ணுன பாவி நாசமாப் போகணும்” என்று சொல்லித் தூற்றினாள். வயிற்றுப் பிள்ளைக்காரி வாரித் தூற்றினால் அது பலிக்காமல் போகாது என்பார்கள். கடல் காற்று அந்த மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து பக்கத்தில் நின்ற என் மேலும் போட்டது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “எழுது” என்றார். ஊரில் மனு எழுதத் தெரிந்தவள் நான்தானே. கனம் பொருந்திய சமூகத்துக்கு என்று தொடங்கி, மேற்படி தந்தியை மேற்படி சிப்பந்தி ஒரு நாள் காலதாமதமாகக் கொடுத்தபடியால் என்று எழுதினேன். கை நடுங்காமல், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். இருபத்தேழு பேர் கைநாட்டு வைத்தார்கள். இப்போது நினைத்தால் அந்த மனுவில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கிறது. அவ்வளவு தெளிவாக அதற்கு முன் நான் எழுதியதில்லை.

ஒரு மாதம் கழித்து மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். பிள்ளையார் கோவில் மரத்தடியில் நாற்காலி போட்டோம். ஊர் சுற்றி நின்றது. நாத்தனார் துக்கத்தில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தந்திக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அன்னைக்கே வந்தேனுங்க. பனையடியில நின்னு பாத்தேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு, தெருவுல ஒரு குஞ்சு இல்ல. அங்கிட்டுச் சுடுகாட்டுல பொகை. சரி, ஏதோ மௌத்து விழுந்திருச்சு, எல்லாரும் அங்கன போயிருக்காக, இந்த நேரத்துல போயித் தந்தியை நீட்டுனாத் தாங்க மாட்டாகன்னு திரும்பிட்டேன். மறுநா வெள்ளன வந்து குடுத்தேன்.”

அதிகாரி ஊராரைப் பார்த்து, “அன்னைக்கு யாராவது இறந்தாங்களா?” என்றார். யாரும் சாகவில்லை என்றார்கள். சாவே இல்லாமல் எப்படிப் புகை வரும் என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மூக்கன் கண்ணுக்கு எப்பவும் புகைதான் தெரியும் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்க ஊர்லதானே இருந்தீங்க அம்மா? புகை எதுவும் பார்த்தீங்களா?”

தந்திக்காரர் அப்போது என்னைப் பார்த்தார். மோர் கொடுத்தவள் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். நான், “இல்லைங்க. ஆடிக்காத்துல மண்ணுதான் பறந்துச்சு” என்றேன்.

இல்லை என்பதோடு நிறுத்தியிருந்தாலாவது அவர் மனதுக்குள் என்னைப் பொய்க்காரி என்று திட்டிக்கொண்டு போயிருப்பார். நான் சாமர்த்தியமாக மண்ணையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது. தலையைத் திருப்பிக் கரையையும் பனையையும் பார்த்தார். “மண்ணாயிருக்குமோ” என்று தனக்குத்தானே மெதுவாகச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த தந்தியைக் கொண்டுவந்தவர் சைக்கிளில் வந்த வேறொருவர்.

ஐப்பசியில் நாத்தனாருக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அவள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். என் பிள்ளைகளையும் அவள் பிள்ளையையும் இருவரும் சேர்ந்துதான் வளர்த்தோம். நான் பெயர் வைப்பதை நிறுத்திவிட்டேன். வயதாகிவிட்டது, அடங்கிவிட்டாள் என்றார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

எட்டு வருஷம் கழித்து, தலைச்சுமையாய் மீன் கொண்டுவருகிற அம்மாள் பேச்சுவாக்கில், “ஒங்க பழைய தந்திக்காரவுக ஏருவாடித் தர்காவுக்கிட்ட ஊதுபத்தி விக்கிறாக” என்றாள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தர்காவுக்கு ஒரு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை.

தெருவோரம் ஒரு பலகையில் ஊதுபத்தியும் சர்க்கரைப் பொட்டலமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி வெளுத்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, “தந்தி படிக்கிற அம்மாவா?” என்றார். அடுத்து அவர் கேட்டது, “அந்தப் பிள்ளைக்குக் கொழந்த நல்லபடியாப் பொறந்துச்சா?” என்பது.

“ஆம்பளப் பிள்ளைங்க. எட்டு வயசாகுது.”

“அல்ஹம்துலில்லா” என்றார்.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். எல்லாம் முன்பின்னாக வந்தது. பாம்பின் பெயரை வைத்தது, ஊர் பயந்தது, வைக்கோல், தண்ணீரில் முக்கியது, மனு, மண் என்று சொன்னது. அவர் குறுக்கே பேசவில்லை. பாம்பின் பெயரைச் சொன்னபோது மட்டும், “என்னயவா?” என்றார். நான் முடித்த பிறகு பலகையில் இருந்த பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“அப்பப் பொகை வந்துச்சு” என்றார்.

“வந்துச்சு.”

“மண்ணு இல்ல.”

“மண்ணு இல்ல. வைக்கோல்.”

அவர் எழுந்து சந்துக்குள் பார்த்துக் கூப்பிட்டார். அவருடைய சம்சாரம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். “இந்தம்மா சொல்றதக் கேளு. அன்னைக்குப் பொகை வந்துச்சாம்” என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து அடித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டபடி, முதலிலிருந்து எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் மறுபடியும் சொன்னேன்.

அந்த அம்மாள் அவரைப் போல இல்லை. “திடீர் திடீர்னு நட்ட நடுச் சோத்துல கையை வச்சுக்கிட்டு, பொகையா மண்ணானு எங்கிட்டக் கேப்பாக. மண்ணாத்தான் இருக்கும், பேசாமச் சாப்பிடுங்கனு சொல்லுவேன். எட்டு வருசமாச் சொன்னேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எதுக்கும்மா மூட்டுனீக?” என்று கேட்டார்.

நாத்தனாருக்கு அதிர்ச்சி ஆகக்கூடாதென்று மூட்டினேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் புதருக்குப் பின்னால் நான் சிரித்தது எனக்கு நினைவிருந்தது. “வெளையாட்டா மூட்டுனேன்” என்றேன். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

நான் புறப்பட்டபோது தந்திக்காரர் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தார். “அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டீகளா தாயி?” என்றார். இல்லை என்றேன். “சொல்லிருங்க. ஆஸ்பத்திரி வாசல்ல எம்மேல மண்ணை வாரித் தூத்துச்சுனு கேள்விப்பட்டேன். வேலை போனதுகூடப் பெரிசில்ல. மாசமா இருக்கிற பிள்ளை தூத்துனது அது ஒண்ணுதான் மனசுல கெடக்கு. அது வாயால, அந்தச் சாபம் எனக்கு இல்லனு ஒரு சொல்லு சொன்னாப் போதும்.”

“சொல்லிர்றேன்” என்றேன். சத்தியமாகச் சொல்லிவிடுவதாகத்தான் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் மீன் குழம்பு வைத்திருந்தாள். “போன காரியம் முடிஞ்சுச்சா மதினி?” என்றாள். முடிந்தது என்றேன். அவள் மகன் என் மடியில் வந்து தலையை வைத்துக்கொண்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் இந்தக் கையால் எனக்கு இன்னொரு முறை சோறு போடுவாளா என்று நினைத்தேன். அப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. ஏர்வாடிப் பக்கம் நான் மறுபடியும் போகவே இல்லை. தந்திக்காரர் எப்போது காலமானார் என்றும் எனக்குத் தெரியாது.

போன பங்குனியில் நாத்தனார் படுக்கையில் விழுந்தாள். நாலு நாள்தான் இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பனங்கற்கண்டு தண்ணீரை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தேன். போதும் என்று கையைக் காட்டினாள்.

“மதினி, அந்தத் தந்திக்காரரை மண்ணை வாரித் தூத்துனேனே, ஞாபகமிருக்கா? அவரும் பிள்ளகுட்டிக்காரரா இருந்திருப்பாரு. என்ன சங்கடமோ, ஒரு நாள் பிந்திருச்சு. அதுக்குப் போயி அப்பிடிச் சொல்லிட்டேன். சாகப்போற நேரத்துல அதுதான் உறுத்துது.”

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது.

“அதெல்லாம் பழைய கதை. பேசாமப் படு” என்றேன்.

“நீ சொன்னாச் சரி மதினி” என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.